வளர்ந்த பிறகு ‘பீட்டர் பேன்’ படிப்பது எப்படி: கணக்கு எழுதுகிறவளின் குறிப்புகள்

முதல் வேலை, சரியான புத்தகத்தை எடுப்பது. கடையில் ‘பீட்டர் பேன்’ என்று கேட்டால் பெரிய எழுத்தில், பக்கத்துக்குப் பக்கம் கலர் படம் போட்ட சுருக்கப் பதிப்பைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார்கள். அது பிள்ளைகளுக்கு. நமக்கு வேண்டியது ஜே. எம். பாரி 1911-இல் எழுதிய முழு நாவல். அன்றைக்கு அதன் பெயர் ‘பீட்டர் அண்ட் வெண்டி’. வளரவே மாட்டேன் என்கிற பீட்டர், லண்டனில் டார்லிங் வீட்டுப் பிள்ளைகளான வெண்டி, ஜான், மைக்கேல் மூவரையும் நெவர்லேண்ட் என்கிற தீவுக்குப் பறக்க வைத்துக் கூட்டிப்போகிற கதை. இப்போது பெரும்பாலும் ‘பீட்டர் பேன்’ என்றே அட்டையில் போட்டு வருகிறது. பொருளடக்கத்தைத் திறந்து 17 அத்தியாயம் இருக்கிறதா, கடைசி அத்தியாயம் வெண்டி பெரியவளாவதைப் பற்றியதா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் காசு கொடுக்கலாம். காசே செலவழிக்க மனமில்லை என்றால் பழைய நூல்களைத் தரும் குட்டன்பெர்க் இணையதளத்தில் முழுப் பிரதி இலவசமாகக் கிடைக்கிறது.

அடுத்தது, 1953-இல் வந்த டிஸ்னி படத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைப்பது. புத்தகத்தில் பீட்டர் உடுத்தியிருப்பது நரம்பு மட்டும் மிஞ்சிய சருகுகளும் மரத்திலிருந்து கசியும் சாறும்தான். அவனுக்கு ஒரு பால்பல்கூட விழவில்லை. வெண்டியின் அம்மாவை முதன்முதலில் பார்க்கும்போது, அவள் பெரியவள் என்று தெரிந்த உடனே அந்தப் பால்பற்களை நறநறவென்று கடிக்கிறான். படிக்கிற நமக்கும் அதே மரியாதைதான் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி முக்கியமான யோசனை. சின்ன வயதில் இதைப் படிப்பவர்கள் ஜன்னல் வழியே பறந்து போகிறவர்களோடு கூடவே போய்விடுகிறார்கள். வளர்ந்த பிறகு படிப்பவர்கள் வீட்டிலேயே தங்கிவிட வேண்டும். உடம்பு நெவர்லேண்டுக்குப் போகட்டும், கடல் கொள்ளையரைப் பார்க்கட்டும். ஒரு கண் மட்டும் லண்டனில் அந்தத் திறந்த ஜன்னல் மேலேயே இருக்கட்டும். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். கீழே எழுதுவதெல்லாம் அதை எப்படிச் செய்வது என்பது.

முதல் அத்தியாயத்துக்கு ஒரு தாளும் பென்சிலும்

நான் ஒரு ஆடிட்டர் ஆபீசில் கணக்குப் பார்க்கிறவள். அதனால் என் கண் முதலில் போனது வெண்டியின் அப்பா மிஸ்டர் டார்லிங் போடும் கணக்கில். வெண்டி பிறந்திருக்கிறாள். இந்தக் குழந்தையை வைத்துக்கொள்ள நமக்குக் கட்டுப்படியாகுமா என்று மனைவியின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்தபடி மனுஷர் செலவைக் கூட்டிக் கழிக்கிறார். பழைய ஆங்கில நாணயக் கணக்கு தெரிந்தால்தான் இந்த இடம் ருசிக்கும்: ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ், ஒரு கினிக்கு 21 ஷில்லிங்.

அவரோடு சேர்ந்து நீங்களும் கூட்டுங்கள். கையில் 1 பவுண்டு 17 ஷில்லிங். ஆபீசில் 2 ஷில்லிங் 6 பென்ஸ். ஆபீஸ் காபியை நிறுத்தினால் ஒரு 10 ஷில்லிங். ஆக 2 பவுண்டு 9 ஷில்லிங் 6 பென்ஸ், சரியாக இருக்கிறது. இதோடு மனைவியிடம் இருக்கும் 18 ஷில்லிங் 3 பென்ஸைச் சேர்த்தால் 3 பவுண்டு 7 ஷில்லிங் 9 பென்ஸ் வர வேண்டும். அவர் சொல்வதோ 3, 9, 7. ஏழும் ஒன்பதும் இடம் மாறிவிட்டன! எங்கள் தொழிலில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வருகிற அதே பிழை. அந்தத் தொகையையே தூக்கிக்கொண்டு போய், மேலும் சில வரவுகளைச் சேர்த்து 9, 9, 7 என்று முடித்து, இதை வைத்து ஒரு வருஷம் ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்கிறார். பாரி வேண்டுமென்றே செய்தாரா, கைதவறி எழுதினாரா என்ற ஆராய்ச்சிக்குள் நான் போகவில்லை. கணக்குக்கு நடுவே யாரோ அசைகிறார்கள், யாரோ வாயைத் திறக்கிறார்கள், அவர் ‘பேசாதே, பேசாதே’ என்கிறார். கைக்குழந்தை இருக்கிற அறையில் கணக்குப் போட்டவர்களுக்கு அந்தப் பிழை எப்படி வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

பிறகு நோய்ச் செலவு. பொன்னுக்கு வீங்கிக்கு 1 பவுண்டு, தட்டம்மைக்கு 1 பவுண்டு 5 ஷில்லிங், ஜெர்மன் தட்டம்மைக்கு அரைக் கினி. கூட்டினால் 2 பவுண்டு 15 ஷில்லிங் 6 பென்ஸ் (இது சரி, போட்டுப் பார்த்தேன்). கக்குவான் இருமலுக்கு 15 ஷில்லிங். ஒவ்வொரு தடவை கூட்டும்போதும் வேறு தொகை வருகிறது. கடைசியில் பொன்னுக்கு வீங்கியை 12 ஷில்லிங் 6 பென்ஸாகக் குறைத்து, இரண்டு அம்மையையும் ஒரே அம்மையாக வைத்து, வெண்டி மயிரிழையில் தேறுகிறாள். அந்த வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது ‘நானா’ என்கிற நியூஃபவுண்ட்லாந்து நாய். எல்லோரும் அதை அழகான கற்பனை என்கிறார்கள். காரணத்தையும் பாரி எழுதியிருக்கிறார்: பிள்ளைகள் குடிக்கிற பாலுக்கே காசு போய்விடுவதால் ஆயா வைக்க வசதியில்லை. இந்த மாதிரி இடங்களில் வேகத்தைக் குறையுங்கள். புத்தகத்தில் பறக்கிற காட்சிகளைவிட இவைதான் நமக்காக எழுதியவை.

அதே அத்தியாயத்தில் இன்னொரு பக்கம் இருக்கிறது, மடித்து வைக்க வேண்டிய பக்கம். பிள்ளைகள் தூங்கிய பிறகு தாய்மார்கள் அவர்களுடைய மனசுக்குள் புகுந்து, அலமாரி அடுக்குவதுபோல் எல்லாவற்றையும் ஒழுங்கு பண்ணுகிறார்களாம். கெட்ட குணங்களைச் சின்னதாக மடித்து அடியில் திணிக்கிறார்கள். அப்படி அடுக்கும்போதுதான் மிஸஸ் டார்லிங் கையில் ‘பீட்டர்’ என்கிற பெயர் தட்டுப்படுகிறது. தொடர்ந்து ஒரு குழந்தையின் மனசுக்கு வரைபடம் வரைகிறார் பாரி. அதில் தீவும் கொள்ளையரும் மட்டும் இல்லை. பள்ளிக்கூடத்தின் முதல் நாள், மதம், அப்பாக்கள், கொலை, தூக்குத்தண்டனை, இலக்கணப் பாடம், சாக்லேட் புட்டிங் போடுகிற நாள், தன் பல்லைத் தானே பிடுங்கினால் கிடைக்கிற மூன்று பென்ஸ், டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துச் சொல்லச் சொல்கிற ‘தொண்ணூற்றொன்பது’ எல்லாம் ஒரே இடத்தில் கிடக்கின்றன. நெவர்லேண்ட் என்பது வேறெங்கோ இருக்கிற ஊர் அல்ல என்று இங்கேயே சொல்லிவிடுகிறார். சுருக்கப் பதிப்பில் முதலில் வெட்டுப்படுவது இந்தப் பக்கமாகத்தான் இருக்கும்.

வாய்விட்டுப் படியுங்கள்

1911-இன் ஆங்கிலம், வாக்கியங்கள் நீளம், நடுநடுவே வளைந்து வளைந்து போகும். அகராதியைத் தொட வேண்டாம். தனியாக இருக்கும்போது சத்தமாகப் படித்தால் தெளிந்துவிடும். காரணம் இருக்கிறது. இந்த நாவலுக்கு முன்பே, 1904 டிசம்பர் 27 அன்று, லண்டனில் டியூக் ஆஃப் யார்க்ஸ் தியேட்டரில் இது நாடகமாக மேடை ஏறிவிட்டது. ஏழு வருஷம் பார்வையாளர் எங்கே சிரிக்கிறார்கள், எங்கே மூச்சைப் பிடிக்கிறார்கள் என்று பார்த்த ஒருவர் எழுதிய உரைநடை இது. அதனால் கதை சொல்கிறவர் சும்மா இருப்பதில்லை. நம்மைப் பார்த்துப் பேசுகிறார், சீண்டுகிறார், சொன்னதை மாற்றுகிறார்.

அவர்மேல் ஒரு கண் வையுங்கள். ஒரு கைக்குப் பதில் இரும்புக் கொக்கி வைத்திருக்கும் கொள்ளையர் தலைவன் ஹூக் எப்படிக் கொல்வான் என்று காட்ட, இப்போது ஒரு கொள்ளையனைக் கொல்வோமே, ஸ்கைலைட்ஸ் போதும் என்கிறார். அந்த ஆள் தெரியாமல் ஹூக் மேல் இடிக்கிறான்; கொக்கி ஒரு தடவை பாய்கிறது; பிணத்தைக் காலால் தள்ளிவிட்டு மேலே நடக்கிறார்கள். ஹூக் வாயிலிருந்த சுருட்டைக்கூட எடுக்கவில்லை. இன்னொரு இடத்தில், எந்தச் சாகசத்தைச் சொல்லலாம் என்று நாணயத்தைச் சுண்டிப் போட்டு, கடல்கன்னிகளின் குளம் ஜெயித்துவிட்டது என்று அறிவிக்கிறார். சிறுபிள்ளை இதை விளையாட்டு என்று தாண்டிவிடும். நீங்கள் நின்று, இந்தக் கதையை நமக்குச் சொல்கிற ஆளும் பீட்டர் மாதிரியே இரக்கமில்லாத ஆள்தானோ என்று யோசியுங்கள். கடைசிவரை அவர் யார் பக்கம் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. இந்தப் புத்தகத்தை நான் திரும்பத் திரும்ப எடுப்பதே அதனால்தான்.

மறதிக்கு ஒரு கோடு

யாராவது யாரையாவது மறக்கிற இடத்தில் எல்லாம் ஓரத்தில் ஒரு கோடு போட்டு வையுங்கள். முடிக்கும்போது ஓரமெல்லாம் கோடாக இருக்கும்.

பறந்து போகிற வழியிலேயே பீட்டருக்கு உடன் வருகிறவர்கள் யாரென்று தெரியாமல் போகிறது; வெண்டி தன் பெயரைச் சொல்ல வேண்டியிருக்கிறது. தீவில் தன்னோடு இருக்கும் ‘காணாமல் போன பையன்கள்’ வளர்வதாகத் தெரிந்தால் அவர்களைக் ‘குறைத்துவிடுகிறான்’, ஏனென்றால் வளர்வது விதிக்கு விரோதம். என்ன செய்து குறைக்கிறான் என்று பாரி சொல்வதில்லை. ஒரே வாக்கியம், வேகமாகப் படித்தால் கண்ணில் படாது. பிற்பாடு, ஹூக்கைப் பற்றி வெண்டி பேச்செடுத்தால், யார் அது என்கிறான். கொன்ற பிறகு மறந்துவிடுவானாம். அவனுக்காக விஷத்தையே குடித்த குட்டித் தேவதை டிங்கர் பெல்லையும் யார் அது என்கிறான்.

ஆனால் என் மனசில் நிற்பது வெண்டி வைக்கிற பரீட்சைதான். தம்பிகள் அப்பா அம்மாவை மறந்துகொண்டு வருகிறார்கள் என்று பயந்து, அவள் கேள்வித்தாள் தயாரிக்கிறாள். அம்மாவின் கண் என்ன நிறமாக இருந்தது? அப்பா உயரமா, அம்மா உயரமா? அம்மாவின் சிரிப்பை விவரி. அப்பாவின் சிரிப்பை விவரி. விசேஷத்துக்கு அம்மா போடும் உடையை விவரி. நாய்க்கூண்டையும் அதில் குடியிருப்பவரையும் விவரி. தெரியாத கேள்விக்குப் பெருக்கல் குறி போடலாம். ஜான்கூட ஏகப்பட்ட பெருக்கல் குறி போடுகிறான். எல்லாக் கேள்விக்கும் பதில் எழுதிய, காணாமல் போன பையன்களில் ஒருவனான ஸ்லைட்லி கடைசியில் வருகிறான். அவன் அந்த அம்மாவைப் பார்த்ததே கிடையாது. பீட்டர் பரீட்சையே எழுதவில்லை. பிறகு போகிறபோக்கில் பாரி ஒன்று சொல்கிறார்: கேள்விகள் எல்லாம் இறந்தகாலத்தில் இருந்தன. கேள்வி கேட்பவளும் மறந்துகொண்டிருக்கிறாள்.

இங்கே புத்தகத்தை மூடிவிட்டு, ஒரு தாளில் உங்கள் அம்மாவைப் பற்றி இதே கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். மனசுக்குள் சொல்லிக்கொள்வது போதாது, எழுத வேண்டும். நான் அம்மாவின் விசேஷப் புடவை அரக்குக் கலர் என்று எழுதினேன். அக்காவிடம் போனில் கேட்டால் மாம்பழ மஞ்சள் என்று சத்தியம் பண்ணுகிறாள். விவகாரம் இன்னும் தீரவில்லை.

முகம் சுளிக்க வைக்கும் பக்கங்கள்

செவ்விந்தியர் வருகிற பகுதிகள் இன்றைக்குப் படிக்கக் கஷ்டமானவை. அவர்களுக்கு வைத்திருக்கிற பெயரும், அவர்கள் வாயில் போட்டிருக்கிற அரைகுறைப் பேச்சும், பீட்டரை ‘பெரிய வெள்ளைத் தகப்பன்’ என்று விழுந்து வணங்குவதும் அன்றைய பிரிட்டிஷ் மேடையின் கேலிச்சித்திரம். கதையே பிள்ளைகளின் தலைக்குள் நடக்கிறது, அதனால் தப்பில்லை என்று சிலர் வாதாடுவார்கள். பிள்ளைகளின் தலைக்குள் அதைப் போட்டவர்கள் யார் என்று நான் கேட்பேன். தாண்டிப் போகாதீர்கள், படித்து, எரிச்சல்பட்டு, மேலே போங்கள்.

வெண்டியின் கதையும் அப்படித்தான். பறக்கக் கற்றுக்கொண்டு அத்தனை தூரம் வந்த பெண், நிலத்துக்கடியில் இருக்கிற வீட்டில் பையன்களுக்குச் சமைத்து, அவர்கள் காலுறையின் ஓட்டையைத் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். வாரக்கணக்கில் தரைக்கு மேலேயே வருவதில்லையாம், சாயங்காலம் கையில் ஒரு காலுறையோடு வந்தால் உண்டு. பாரி இதைச் செல்லமாகத்தான் சொல்கிறார். பெண்கள் படித்தால் அந்தச் செல்லம் அவ்வளவாக ஒட்டாது.

ஹூக்கையும் அப்பாவையும் சேர்த்துப் பாருங்கள்

1904 மேடையில் மிஸ்டர் டார்லிங்காகவும் கேப்டன் ஹூக்காகவும் நடித்தது ஒரே ஆள், ஜெரால்ட் டு மொரியே. அந்த வழக்கம் இன்றும் பல மேடைகளில் தொடர்கிறது. நாவலில் இதற்குக் குறிப்பு எதுவும் இல்லை, நாமே மனசில் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு பேருக்கும் ஒரே வியாதி: மற்றவர்கள் நம்மை மதிக்கிறார்களா? ஹூக் பெரிய பள்ளிக்கூடத்தில் படித்தவன். சாகும் வரை தன் நடத்தை கௌரவமாக இருந்ததா என்றுதான் கவலைப்படுகிறான். டார்லிங் பங்குச்சந்தை தெரிந்தவர்போல் பேசி மனைவியின் மரியாதையைச் சம்பாதிப்பவர். நிஜத்தில் யாருக்குமே அது தெரியாது என்று பாரி அங்கேயே ஒரு குத்து வைக்கிறார். (எங்கள் ஆபீசில் இந்த வரியைப் படித்துக் காட்டினேன். ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை.) பிள்ளைகள் போனது தன் தப்பு என்று அவர் நாய்க்கூண்டுக்குள் குடியேறி, கூண்டோடு வண்டியேறி ஆபீசுக்குப் போய் வருகிறார். அது ஊரெல்லாம் பேச்சாகி, பெரிய இடங்களிலிருந்து கூண்டோடு விருந்துக்கு வரச்சொல்லி அழைப்பு வருகிறது. பிராயச்சித்தம் பிரபலமாக மாறுகிற இந்த இரண்டு பக்கத்துக்கு ஈடாக நான் கேலி எழுத்து அதிகம் படித்ததில்லை.

16-க்கும் 17-க்கும் நடுவே இடைவெளி விடுங்கள்

ஒரு நாளைக்கு ஒன்றோ இரண்டோ அத்தியாயம் என்று போனால் போதும். 16-ஆவதில் பிள்ளைகள் வீடு திரும்புகிறார்கள். இங்கே கதை சொல்கிறவர் முதலில் மிஸஸ் டார்லிங்கைத் தனக்குப் பிடிக்கவே இல்லை என்று திட்டுகிறார். கொஞ்ச நேரத்தில், நாற்காலியில் தூங்கிப்போன அவள் முகத்தைக் கிட்டத்தில் பார்த்துவிட்டு, எல்லோரையும்விட இவளைத்தான் பிடிக்கிறது என்கிறார். கட்சி மாறுகிற அந்த இடத்தை மெதுவாகப் படியுங்கள். படித்துவிட்டு விளக்கை அணைத்துவிடுங்கள். அடுத்த அத்தியாயம் அன்றைக்கு வேண்டாம்.

17-ஆவது வேறு புத்தகம். வெண்டியோடு லண்டன் வந்த காணாமல் போன பையன்களும் அவள் தம்பிகளும் வளர்ந்துவிட்டார்கள். நிப்ஸும் கர்லியும் இரட்டையரும் பையும் குடையுமாக ஆபீஸ் போகிறார்கள். டூட்டில்ஸ் நீதிபதி. பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு கதைகூடத் தெரியாத அந்தத் தாடிக்காரர், ஜான். வருஷா வருஷம் வருவேன் என்ற பீட்டர் ஒரு வருஷம் வராமலே இருந்துவிட்டு, அடுத்த வருஷம் எதுவும் நடக்காததுபோல் வந்து நிற்கிறான். ஒரு வருஷம் தவறியதே அவனுக்குத் தெரியாது. அப்புறம் வெண்டிக்குக் கல்யாணமாகி, ஜேன் என்று ஒரு மகள். மாடிப்படி ஏறப் பிடிக்காமல் போன அப்பாவிடமிருந்து வீட்டை விலைக்கு வாங்கியாயிற்று. அந்த இடத்தில் மூன்று சதவீதக் கணக்கையும் சேர்த்தே எழுதுகிறார் பாரி. மிஸஸ் டார்லிங்? இறந்துவிட்டாள், அவளை எல்லோரும் மறந்தும் விட்டார்கள் என்று ஒரே வரியில் தீர்த்துவிடுகிறார். முந்தின இரவு எல்லோரையும்விடப் பிடிக்கும் என்று சொன்ன அதே மனுஷர்! இடைவெளி விடாமல் படித்தால் இந்த வரி தடுக்காமல் ஓடிவிடும். அதற்காகத்தான் ஒரு நாள் தள்ளிப் படிக்கச் சொன்னேன்.

பாரியின் வாழ்க்கையைப் பிறகு பாருங்கள்

முன்னுரையைக் கடைசியில் படியுங்கள். பாரி ஆறு வயதாக இருக்கும்போது, 1867-இல், அண்ணன் டேவிட் பனிச்சறுக்கில் விழுந்து இறந்தான், பதினாலு நிறையவில்லை. தான் பெரியவனான பிறகும் அண்ணன் பதின்மூன்று வயதிலேயே நின்றுவிட்டதைப் பாரியே தன் தாயைப் பற்றிய நூலில் எழுதியிருக்கிறார். பீட்டருக்குத் தூண்டுதலாக இருந்த லுவெல்லின் டேவிஸ் வீட்டுப் பையன்கள் ஐந்து பேர். அவர்களுடைய அப்பா 1907-இலும் அம்மா 1910-இலும் இறந்தார்கள். பாரி அவர்களைப் பொறுப்பேற்ற சமயத்தில் வந்ததுதான் இந்த நாவல். இதையெல்லாம் முதலிலேயே தெரிந்துகொண்டால் ஒவ்வொரு பக்கத்திலும் துப்பறிய ஆரம்பித்துவிடுவீர்கள், கதை போய்விடும்.

நாவல் பிடித்துப்போனால் 1928-இல் அச்சான நாடகத்தையும் தேடுங்கள். ‘ஐவருக்கு’ என்று நீளமான ஒரு சமர்ப்பணம் இருக்கும். அதற்குள் அந்த ஐந்து பையன்களில் ஜார்ஜ் போரில் இறந்துவிட்டான், மைக்கேல் தண்ணீரில் மூழ்கிவிட்டான். அதில் பாரி, இந்த நாடகத்தை எழுதியதாகத் தனக்கு நினைவே இல்லை என்கிறார். ஓரத்தில் போட ஒரு கோடு மிச்சம் வைத்திருந்தால் இங்கே போடலாம். மறு வருஷம் பீட்டர் பேன் உரிமை முழுவதையும் லண்டனில் இருக்கிற கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனைக்குக் கொடுத்துவிட்டார். பிரிட்டனில் அந்த வருமானம் தொடர்ந்து போகும்படி 1988-இல் சட்டத்திலேயே இடம் செய்தார்கள். எவ்வளவு வருகிறது என்று வெளியே சொல்லக்கூடாது என்பது பாரியின் வேண்டுகோள். என் தொழிலில் இருப்பவர்களுக்கு அது கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கும்.

பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவதாக இருந்தால் 16-ஓடு நிறுத்துங்கள். மிச்சத்தை அவர்களாகக் கேட்கும்போது பார்த்துக்கொள்ளலாம். இரண்டாம் அத்தியாயத்தில் மட்டும் உஷார். அப்பா தன் மருந்தைக் குடிக்காமல் நாயின் கிண்ணத்தில் ஊற்றுகிற இடம் அங்கே வருகிறது. அதைக் கேட்ட பிள்ளை, அடுத்த தடவை நீங்கள் இருமல் மருந்தைக் கையில் எடுக்கும்போது, குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்கும்.